வரப்புப் புல்லில் மருந்து

இந்துமதிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாளைக்கு வர வேண்டிய ஆடுகள் இன்றைக்கே வந்துகொண்டிருந்தன!

கீழவைப்பாருக்கு மேற்கே, வண்டிப்பாதை திரும்பும் இடத்தில் புழுதி எழுந்தது. மணிச்சத்தம் நெருங்கியது.

வருஷந்தோறும் உளுந்து அறுவடை முடிந்ததும் பெருமாள் மாமா தன் ஆடுகளைக் கொண்டுவந்து அவர்கள் வயலில் கிடை போடுவார். ராத்திரி முழுக்க ஆடுகள் வயலிலேயே படுத்திருக்கும். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு நல்ல உரம். அடுத்த விளைச்சல் ஜோராக இருக்கும். மூட்டை உரம் வாங்கக் கடைக்கு ஓட வேண்டியதில்லை.

ஆனால் மாமா ஒரு விஷயத்தில் ரொம்பக் கறார். பூச்சி மருந்து அடித்த வயல் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார். போன வருஷம் வேறோர் ஊரில் மருந்து பட்ட புல்லைத் தின்று அவருடைய குட்டிகள் செத்துப்போயின. பாவம், அதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குக் குரல் உடைந்துவிடும்.

இன்று காலையில் இந்துமதியின் அப்பா பால்துரை, மிளகாய்ச் செடிகளுக்கு மருந்து அடித்தார். கடல் காற்று சும்மா இருக்குமா? பாதி மருந்தை அள்ளிக்கொண்டுபோய்ப் பக்கத்து வரப்புப் புல்லில் கொட்டிவிட்டது. உளுந்து வயலுக்குப் போக ஆடுகளுக்கு அந்த வரப்புதான் வழி.

"சாயங்காலம் வந்து புல்ல அறுத்துப் போட்டுருதேன். நாளைக்குத்தான மாமா வாராரு? நீ அவர்ட்ட மூச்சு விடாத, ஏளா!" என்று சொல்லிவிட்டு அப்பா வேம்பாருக்குப் போய்விட்டார். அம்மா உப்பளத்தில் வேலையாக இருந்தாள். இந்துமதி அப்பாவுக்குப் போன் போட்டுப் பார்த்தாள். அணைத்து வைத்திருந்தார்.

அவள் பாதைக்கு ஓடினாள்.

"மாமா! ஆட்ட நிறுத்துங்க!"

மாமா கூட்டத்துக்குக் கடைசியில் வந்தார். அவள் குரலைக் காற்று வேறு பக்கம் கொண்டுபோனது.

இந்துமதி கைகளை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றாள். ஆடுகள் அதைச் சட்டை செய்யவே இல்லை. இரண்டு பக்கமும் ஒதுங்கி நடந்தன. ஒரு கறுப்பு வெள்ளாடு மட்டும் நின்றது. நின்று, அவள் ரிப்பனை உருவி நிதானமாக மெல்லத் தொடங்கியது.

முன்னால் போன ஆடு வரப்பை நெருங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச தூரம்தான். இந்துமதிக்கு அழுகை முட்டியது.

அப்போதுதான் பாதைக்கு அந்தப் பக்கம் நின்ற வேலிக்கருவை மரத்தைப் பார்த்தாள். கொத்துக்கொத்தாகக் காய்ந்த நெற்று தொங்கியது. ஆடுகளுக்கு அதைவிடப் பெரிய பலகாரம் கிடையாது!

வேலியில் சாய்த்திருந்த துரட்டியை எடுத்தாள். கிளையில் மாட்டி உலுக்கினாள். முள் கையைக் கிழித்தது. விடாமல் உலுக்கினாள்.

சலசலவென்று நெற்று கொட்டியது. அவ்வளவுதான். முன்னால் போன ஆடு காதை நிமிர்த்தியது. திரும்பியது. மொத்தக் கூட்டமும் மரத்தை நோக்கி ஓடியது.

ஒரே ஒரு குட்டி மட்டும் வரப்பில் நின்று தலையைத் தாழ்த்தியது.

துரட்டியை வீசிவிட்டு ஓடினாள் இந்துமதி. புல்லில் வாய் படுவதற்குள் குட்டியை வாரித் தூக்கினாள்.

மாமா சிரித்துக்கொண்டே வந்தார். "வந்ததும் வராததுமா விருந்தா, ஏளா? சரி, ஆடுகள வயலுக்குள்ள பத்துவோம்."

உண்மையைச் சொன்னால் கிடை போச்சு. அப்பாவும் கோபப்படுவார். ஆனால் அவள் கைக்குள் குட்டியின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

"வேண்டாம் மாமா. காலையில அப்பா மிளகாய்க்கு மருந்து அடிச்சாக. வரப்புப் புல்லுலயும் பட்டிருக்கு."

மாமாவின் முகம் மாறியது. குட்டியைப் பிடுங்கி அதன் வாயைத் திறந்து பார்த்தார். "தின்னுச்சா?"

"இல்ல மாமா. அதுக்குள்ள தூக்கிட்டேன்."

அந்த நேரம் பார்த்து அப்பாவின் பைக் வந்து நின்றது. நடந்தது அவருக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணாச்சி... கொஞ்சமாத்தான் அடிச்சேன்."

"எங் குட்டிக்கும் வாயி கொஞ்சந்தான், பால்துரை."

அப்பா தலை குனிந்தார்.

மாமா கம்பை எடுத்தார். கிளம்பப்போகிறார். இந்துமதி அவசரமாக யோசித்தாள்.

"மாமா, காத்து கடல்ல இருந்துதான அடிச்சுது? அப்போ கடல் பக்கத்துல இருக்க எங்க கம்பங்காட்டுல மருந்து பட்டிருக்காதுல்லா? கம்பு அறுத்துச் சும்மாதான் கெடக்கு. வண்டிப்பாதையிலயே போயிரலாம். இந்த வருஷம் அங்கன போடுங்களேன்."

"ஆமா அண்ணாச்சி, அங்கன நான் மருந்தே அடிச்சதில்ல!" என்றார் அப்பா.

மாமா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "நெசமா, ஏளா?"

"நெசம் மாமா. அங்கன ஒருநாளும் அடிச்சதில்ல. ஆனா உளுந்து வயலு வேண்டாம். அங்க எதுவரைக்கும் பட்டிருக்குன்னு எனக்குத் தெரியல."

மாமா கம்பங்காட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"பால்துரை, நீ மட்டும் சொல்லிருந்தா நான் கிளம்பிருப்பேன்," என்றார். "இவ சொல்லுதா. அதான் அங்கன கிடை போடுதேன்."

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்போ மிளகாய்ல மறுபடி புழு வந்தா என்ன செய்ய?" என்று முணுமுணுத்தார்.

"பள்ளிக்கூடத் தோட்டத்துல வேப்பங்கொட்டைய இடிச்சுக் கரைச்சுத்தாம்ப்பா அடிக்கோம். நான் இடிச்சுத் தாரேன்."

அப்பா அவளுடைய கீறல் விழுந்த கையைப் பார்த்தார். மாமாவிடமிருந்து குட்டியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, கம்பங்காட்டுக்கு முதல் ஆளாக நடந்தார்.