மெயின் சுவிட்சில் தொங்கிய துவாய்

பரந்தன் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, கண்டாவளைப் பக்கம் ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கௌசலாவின் பையில் இரண்டு ஸ்வெட்டர்கள் இருந்தன. வன்னி வெயிலில் ஸ்வெட்டர் கேட்டவளைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்ததை நினைக்க இன்னும் சிரிப்பு வந்தது. கல்யாணம் கட்டிய பிறகு இப்போதுதான் முதல் தடவையாகப் புருசனோடு நுவரெலியா மலைக் குளிருக்குப் போகப்போகிறாள். பொழுதுபட அவர்களை ஏற்ற வான் வரும்.

புருசன் பிரதாபன் கிணற்றடியில் குந்தியிருந்து தண்ணீர் மோட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஆளில்லாத வீடு என்று தெரிந்தால் அந்தப் பக்கத்தில் முதலில் காணாமற்போவது மோட்டர்தான். பயணம் போகிறவர்கள் அதைக் கழற்றி உள்ளே வைத்துப் பூட்டாமல் படலை தாண்ட மாட்டார்கள்.

"கௌசி, மெயினை நிப்பாட்டு. வயரிலை கை வைக்கப்போறன்," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

அவளுக்கு அந்தக் கிணற்றடியைப் பார்க்கவே பிடிக்காது. அவளுடைய தம்பி சுகிர்தன் கறண்ட் அடித்துச் செத்தது அங்கேதான். அதே மோட்டர், அதே வயர்.

சுகிர்தனுக்கு வயரிங் தொழில். எந்த வீட்டில் வேலை செய்தாலும் மெயினை நிப்பாட்டிவிட்டுத் முகம் துடைக்கும் தன் சிவப்புத் துவாயை அதன் பிடியில் முடிந்து தொங்கவிடுவான். துவாய் தொங்கும் மட்டும் ஒருவரும் சுவிட்சைத் தொடக்கூடாது. கல்யாண வீட்டுக்காரர் நின்று கெஞ்சினாலும் வேலை முடியாமல் அவிழ்க்க மாட்டான். அப்படிப்பட்டவன் அன்றைக்கு மெயினையும் நிப்பாட்டவில்லை, துவாயும் கட்டவில்லை என்று பிரதாபன் மரண விசாரணையில் சொன்னான். துவாயை ஒருவரும் காணவும் இல்லை. ஊர் முழுக்க நம்பியது. கௌசலாவும் நம்பினாள். செத்த எட்டாம் நாள், எட்டுச்செலவன்று, அவன் படத்துக்கு முன்னால் நின்று, "அவசரக்குடுக்கை, என்னைத் தனிய விட்டிட்டுப் போட்டாயே," என்று அவனையே திட்டித் தீர்த்தாள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அவள் டிவியின் பிளக்கைப் பிடுங்கினாள். பிரிட்ஜைத் துடைத்துக் கதவைத் திறந்து வைத்தாள். பிறகு குசினிக்குப் போகும் நடைக்கு வந்து மெயினின் பிடியைக் கீழே இழுத்தாள்.

டக்.

விறாந்தைக் காற்றாடி சுற்றிச் சுற்றிக் களைத்து நின்றது. சாமியறையின் சிவப்பு பல்பு அணைந்தது. இத்தனை நாளும் அந்த வீட்டுக்குள் ஏதோ ஒன்று இரைந்துகொண்டிருந்தது அது ஓய்ந்த பிறகுதான் விளங்கியது. வெளியே மைம்மல் பொழுது. உள்ளே அதைவிட இருட்டு.

குசினி யன்னலைச் சாத்தும்போது மணத்தது. பாசியும் சேறும் கலந்த, இறைக்காத கிணற்றின் மணம்.

பின்னால் தண்ணீர் சொட்டியது.

பைப் பூட்டித்தான் இருந்தது. சத்தம் நடையிலிருந்து வந்தது.

திரும்பிப் பார்த்தாள்.

மெயினின் பிடியில் சிவப்புத் துவாய் தொங்கியது.

ஊறிக் கறுத்து, நுனியால் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு காது மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முடிச்சை அவள் எங்கே கண்டாலும் அடையாளம் சொல்லுவாள். பள்ளிக்கூடம் போன காலத்தில் சப்பாத்துக் கயிற்றையும் தம்பி அப்படித்தான் கட்டினான்.

கத்த நினைத்தாள். பின்கதவுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். "இஞ்சேருங்கோ... ஒருக்கா வாங்கோ."

பிரதாபன் குறடும் கையுமாக வந்தான். துவாயைக் கண்டதும் முகம் வெளிறிப்போயிற்று.

"இதை எப்பிடி எடுத்தனி?" என்றான் மெல்ல. "கல்லுக் கட்டியெல்லோ கிணத்துக்குள்ளை போட்டனான்."

தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அதற்குப் பிறகுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். குறட்டை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினான்.

"அப்ப, தம்பி துவாயைக் கட்டித்தான் இருந்தவன்," என்றாள் கௌசலா. "ஆர் அவிட்டது?"

அவள் எல்லாம் அறிந்துகொண்டுதான் கேட்கிறாள் என்று அவன் நினைத்தான். இனி மறைத்து என்ன பலன்?

"போனிலை சார்ஜ் இல்லை, கௌசி. அவன் றோட்டுக் கடைக்குப் பிளேன்ரீ குடிக்கப் போன நேரம் துவாயை அவிட்டு மெயினைப் போட்டனான். வரமுன்னம் திருப்பி நிப்பாட்டலாம் எண்டு நினைச்சன்."

"வந்தாப்பிறகு?"

"கிணத்தடியிலை இருந்து கேட்டவன். 'நிப்பாட்டித்தானே கிடக்கு அத்தான்?' எண்டு. நான் போனிலை கதைச்சுக்கொண்டு நிண்டனான். ஞாபகமில்லாமல் ஓம் எண்டிட்டன்."

தம்பி நம்பிக் கேட்டிருக்கிறான். சொன்னவர் அத்தான் என்பதால் மறுபேச்சில்லாமல் வயரில் கை வைத்திருக்கிறான். துவாய் ஊறிய அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் அவள் இவ்வளவு காலமும் சோறு காய்ச்சி இந்த மனிசனுக்குப் போட்டிருக்கிறாள். திவசத்துக்குப் படைத்த சோறும் அதே தண்ணீரில்தான் வெந்தது.

"அவன் செத்தது போதாதெண்டு, பழியையும் அவன்ரை தலையிலை போட்டனீங்கள்."

"உள்ளதைச் சொல்லியிருந்தா என்னை உள்ளுக்குப் போட்டிருப்பாங்கள். நீயும் தனிச்சுப்போயிருப்பாய்."

"இப்ப மட்டும் என்னவாம்?"

அவன் துவாயைத் தொடக் கையை நீட்டி, தொடாமலே இழுத்துக்கொண்டான். பிடி கீழே இருக்கிறதா என்று மட்டும் குனிந்து பார்த்தான். "நுவரெலியா போட்டு வந்து கதைப்பம். வான் வந்திடும், வயரைப் பாதியிலை விட்டிட்டு வந்தனான். நீ இதிலை நில். ஒருத்தரும் தொடக்கூடாது."

ஒருத்தரும் தொடக்கூடாது. தம்பியின் சொல்லை இந்த வாயிலா கேட்க வேண்டும்? இவ்வளவுக்குப் பிறகும் இந்த மனிசனுக்கு மோட்டர் களவு போய்விடும் என்ற கவலைதான். கட்டின புருசன் என்று இவனையா நம்பினோம் என்று அவளுக்கு வெறுத்துப்போயிற்று.

அவன் பின்கதவால் கிணற்றடிக்குப் போனான்.

அவள் அங்கே நிற்கவில்லை. தன் பையை மட்டும் எடுத்தாள். அவனுடைய ஸ்வெட்டரைக் கதிரையில் போட்டாள். முன்கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுப் படலையை நோக்கி நடந்தாள். சுவிட்சுக்குக் காவலாகத் துவாய் தொங்கியது. அதைத் தாண்டி ஒருவரும் கை வைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டாள்.

படலையில் கை வைத்தபோது உள்ளே கேட்டது.

டக்.

திரும்பினாள். திறந்து கிடந்த முன்கதவின் ஊடாக விறாந்தையும் அதற்கப்பால் நடையும் தெரிந்தன. காற்றாடி மெல்லச் சுற்றத் தொடங்கியது. சாமியறை பல்பு சிவப்பாக எரிந்தது. அந்த வெளிச்சத்தில் மெயினின் பிடி மேலே நின்றது.

துவாய் அங்கே இல்லை.

வீட்டுக்குப் பின்னாலிருந்து பிரதாபனின் குரல் வந்தது.

"கௌசி, நிப்பாட்டித்தானே கிடக்கு?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். அவள் வாயைத் திறந்தாள். அது தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அப்போது நடையின் இருட்டிலிருந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தவனுடைய சாவகாசத்தோடு, அவள் தூக்கிவளர்த்தவனின் குரல் அவளுக்குப் பதிலாகச் சொன்னது:

"ஓம் அத்தான்."