மூன்றாம் நாள் பொன்னாடை

கரூரில் தையல் ஊசி விற்ற கடைசிக் கடையையும் மூடி வெகுநாளாகிவிட்டது. கூடிழை வந்தபின் எந்தத் துணியும் கிழிந்து வீணாவதில்லை. கிழிந்த விளிம்புகளைச் சேர்த்து உள்ளங்கைச் சூட்டில் சற்றுப் பிடித்தால் போதும், மூலக்கூறுகள் தம் இனத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும். சாயமும் போகாது. அந்தக் கரிம இழையைத் தொகுத்து உருவாக்கிய வேதியியலாளர் அருள்நங்கை வெளியூரிலிருந்து வந்து மூன்று நாள் பொது உரையாற்றுகிறார் என்றதும் நகர்மன்ற அரங்கில் நிற்க இடமில்லை.

முதல் இரண்டு நாளும் கைதட்டல் ஓயவில்லை. மூன்றாம் நாள் காலை அவருடைய ஆய்வகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆண்டுக்கணக்கில் வேர்வை குடித்த கூடிழைக்குத் தன் இனம் எது என்ற அடையாளம் மங்கிவிடுகிறதாம். சூடு ஏறினால் பக்கத்தில் இருக்கும் எந்தக் கரிமப் பொருளோடும் ஒட்டுகிறதாம். மனிதத் தோலும் கரிமப் பொருள்தான். நாளை அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. அன்று மேடையேறிப் பார்த்தால் ஊரே பழைய கூடிழையில் உட்கார்ந்திருந்தது. முன்வரிசைக் கைக்குழந்தையையும் அதில்தான் சுற்றியிருந்தார்கள். உடனே எச்சரித்தாக வேண்டும் என்று அருள்நங்கை எழுந்தார்.

ஆனால் ஒலிவாங்கி அவர் கைக்கு வந்தால்தானே? வரவேற்புரைக்குப் பின் வாழ்த்துரை, அதன் பின் இன்னொரு வாழ்த்துரை.

"நான் முதல்ல பேசிடறேன் சார், அவசரம்," என்றார் விழாத் தலைவர் பழனிவேலப்பனிடம்.

"செத்த இருங்க டாக்டரம்மா. ஆசையா வந்திருக்காங்க. போத்தாம விட்டா மனசு சங்கடப்படுமுங்க."

பொன்னாடைகள் தோளில் ஏறின. வணிகர் சங்கம், வாசகர் வட்டம், நடைப்பயிற்சி நண்பர்கள். அவையும் கூடிழைதான், ஆனாலும் புதுத் துணியால் ஆபத்தில்லை என்று அருள்நங்கை பொறுத்துக்கொண்டார். பாவம், இழையைப் பற்றித் தெரிந்த அளவுக்குப் பொன்னாடையைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை. ஒரு விழாவில் வாங்கியதை மடித்து வைத்து அடுத்த விழாவில் இன்னொருவருக்குப் போர்த்துவதுதானே வழக்கம்? அவை பல தோள்களில் வேர்த்துச் சுற்றி வந்தவை.

கடைசிப் பொன்னாடையைப் பழனிவேலப்பனே போர்த்தினார். படம் எடுப்பவர் திருப்தியாகும்வரை, மேடை விளக்கின் சூட்டில், இரு கைகளையும் அருள்நங்கையின் தோளில் வைத்தபடி சிரித்துக்கொண்டு நின்றார்.

பிறகு கையை எடுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். அருள்நங்கையும் சேர்ந்து சாய்ந்தார். பொன்னாடைகள் எல்லாம் ஒரே பலகையாகி அவர் கழுத்தைப் பிடித்திருந்தன. அரங்கம் முதலில் சிரித்தது. அப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை.

ஒலிவாங்கி பக்கத்திலேயே இருந்ததால் தலைவரின் கிசுகிசுப்பு எல்லோருக்கும் கேட்டது.

"ஏனுங்க டாக்டரம்மா, இதை எப்படிங்க கழட்டறது?"

"அது எனக்கே இன்னும் தெரியல சார். பழைய துணியைச் சூடேறறதுக்கு முன்னாடியே கழட்டிடுங்கன்னு சொல்லத்தான் அப்பலேர்ந்து மைக்கைக் கேட்டேன்."

முன்வரிசைத் தாய் குழந்தையின் துணியை வெடுக்கென்று உருவினாள். வந்துவிட்டது. பிறகு மெல்லத் தன் சேலைத் தலைப்பைத் தொட்டுப் பார்த்தாள்.