பதினாறு மில்லிமீட்டர்

கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள் அந்தப் பெண். கையில் கசங்கிய ஸ்கேன் அறிக்கை.

"என் பேரைக் காப்பாத்திக் கொடுங்க டாக்டரம்மா. வேற எதுவும் வேண்டாம்."

காகிதத்தில் ஒளிந்திருக்கும் பொய்யைப் பிடிப்பதில் ஸ்கேன் டாக்டரம்மா பேர்போனவர். அவருடைய குமாஸ்தாவுக்கு ஐம்பது வயது. எதற்கெடுத்தாலும் பறப்பதால் எல்லோரும் அவரை 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

கப்பலில் வேலை பார்க்கும் புருஷன், ஒரு வருஷம் கழித்து வீடு திரும்பியிருந்தான். அவன் வந்து சரியாக ஆறு வாரத்தில் எடுத்த ஸ்கேன் அது. கருவுக்குப் பன்னிரண்டு வாரம் என்றது அறிக்கை. எவன் பிள்ளை என்று கேட்டு அவளை வெளியே தள்ளிவிட்டான்.

"மாமியார் வேலைதான்!" என்று அடித்துச் சொன்னார் அவசரம்.

"முதல்ல புருஷனைக் கூப்பிடுங்க," என்றார் டாக்டரம்மா.

மறுநாள் அவன் வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். அவள் மூலையில் சுவரோடு ஒண்டி உட்கார்ந்தாள்.

"அறிக்கையை நீங்கதான் வாங்கினீங்களா?"

"ஆமா. பிரிச்சேன், தலையில இடி விழுந்துச்சு. அங்க யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல. மாதவிலக்குலேர்ந்து எண்ணுவாங்க, அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சாலும் பத்து. நான் வந்து ஆறு. மிச்சம் நாலு வாரத்துக்கு எவன் பொறுப்பு?"

பாவம், மனுஷன் நொந்துபோயிருக்கிறான் என்று அவசரத்துக்கே ஒரு கணம் இரக்கம் வந்துவிட்டது.

டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இது அசல் தாள் இல்ல. திரும்ப அடிச்சவங்க வாரத்தை மாத்தினாங்க, நீளத்தை அப்படியே விட்டுட்டாங்க. தலையிலேர்ந்து பிட்டம் வரைக்கும் பதினாறு மில்லிமீட்டர். கட்டைவிரல் நகம் அளவு. பன்னெண்டு வாரம்னா அம்பதைத் தாண்டியிருக்கும். நீளத்தை வெச்சுத்தான் நாங்க வயசே சொல்றோம். இது எட்டு வாரக் கரு."

"எட்டுல ரெண்டு போனா ஆறு!" அவசரம் துள்ளினார். "மாமியாரைக் கூட்டிட்டு வரட்டுமா?"

"வேண்டாம். அந்த ரெண்டு வாரக் கணக்கு, பெத்த பொம்பளைங்கள்லயே பாதிப் பேருக்குத் தெரியாது. யார்கிட்டயும் பேசாத இவருக்கு எப்படித் தெரிஞ்சுது? அசல்ல எட்டுன்னு இருந்திருக்கு. ஆறுதானே வரணும்னு போய்க் கேட்டிருக்கார். எட்டுதான் சரின்னு விளக்கியிருக்காங்க. சரியா இருந்ததுதான் இவருக்கு இடைஞ்சல். பொண்டாட்டியைக் கழட்டிவிட ஒரு காரணம் வேணுமே, அதான் பன்னெண்டுன்னு மாத்தி அடிச்சிருக்கார்."

அந்தப் பாவி அசரவில்லை, சிரித்தான். "அச்சுப் பிழையா இருக்கும். சந்தேகம்னா இப்பவே அளந்து பாருங்களேன்."

அவசரத்துக்குக் கோபம் தலைக்கேறியது. மெஷினைப் போட்டார், கட்டில் விரிப்பை இழுத்துவிட்டார். "ஏறிப் படும்மா! இவன் மூஞ்சியில கரியைப் பூசிடலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை.

"கலைச்சுட்டு வந்தா வீட்டுல சேர்த்துக்கறேன்னார்," என்றாள். "திங்கக்கிழமை இவரேதான் ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து பார்த்தா வீடு பூட்டியிருந்துச்சு."

அவசரத்தின் கை விரிப்பிலேயே நின்றுவிட்டது.

"இவர் பிள்ளைதான்னு எனக்குத் தெரியும் டாக்டரம்மா," என்றாள் அவள். "தெரிஞ்சேதான் போய்ப் படுத்தேன்."