பூட்டிய அணியம்

தொம்மையை அலை அடித்துக்கொண்டு போகவில்லை. கூடப் போனவன்தான் அவனைக் கடலில் போட்டான். இதை நம்பியவர்கள் மூன்றே பேர்: தொம்மையின் மகன் பெர்க்மான்ஸ், மகள் ஜெசிந்தா, பக்கத்து ஊரில் சங்கு குளிக்கிற காசீம். ஊர் நம்பவில்லை. ஊர் எதைத்தான் ஒழுங்காக நம்பியிருக்கிறது?

பதினோரு வருசத்துக்கு முன் நடந்தது. நண்டுத்தீவுக்குத் தெற்கே, கடலடிப் பாறைத்திட்டான பாருக்கு அடியில், உடைந்த பழைய கப்பலின் செப்புக் கட்டிகளைத் தொம்மை கண்டான். கூட்டாளி தனிஸ்லாஸைக் கூட்டிக்கொண்டு பாய் வள்ளத்தில் போய் ஒரு நடை ஏற்றி வந்தான். இரண்டாம் நடையில் வள்ளம் வந்தது, செம்பு வந்தது, தனிஸ்லாஸ் வந்தான். தொம்மை வரவில்லை.

"அண்ணன் சுக்கான் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. பின்னால வந்த அலை வாரிட்டுப் போயிட்டுது!" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதான் தனிஸ்லாஸ்.

அவன் அழுதான், வள்ளம் உண்மையைச் சொன்னது. பாய் வள்ளம் காற்றுக்கு ஒரு பக்கம் சாயும். கவிழாமலிருக்க, காற்றடிக்கிற பக்கம் நீளப் பலகை ஒன்றை வெளியே நீட்டி, நுனியில் ஒருவன் உட்கார வேண்டும். அவன் உடம்புதான் எடைக்கல். பிடித்துக்கொள்ள, தன் துண்டைத் தானே நுனியில் முடிந்துகொள்வான். அடுத்தவன் போட்ட முடிச்சை அந்தக் கரையில் எவனும் நம்ப மாட்டான்.

அன்று கரையேறிய வள்ளத்தில் பலகை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் தொம்மையின் சிவப்புத் துண்டு. அப்படியானால் சுக்கானில் நின்றவன் யார்? சுக்கானை ஒரு முறுக்கு முறுக்கினால் போதும். பாய் காற்றை இழக்கும், வள்ளம் மறுபக்கம் விழும், பலகை நுனி கடலுக்குள் போகும்!

பதின்மூன்று வயது ஜெசிந்தா அந்தத் துண்டை முடிச்சோடு கழற்றி எடுத்துவைத்தாள். செம்பு விற்ற காசில் தனிஸ்லாஸ் ஆறு விசைப்படகுக்குச் சொந்தக்காரச் சம்மாட்டி ஆனான். மிச்சச் செம்பை மட்டும் அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. நடுக்கடலில் அந்த இடத்தைக் காட்டும் கரை அடையாளத்தைத் தொம்மை மகளுக்கு மட்டுமே சொல்லியிருந்தான்.

பழைய வள்ளம் ஒன்று சொந்தமானதும் ஜெசிந்தா சொன்னாள்: "கிளம்புவோம்ண்ணே. செம்பு கொஞ்சம் எடுக்கணும். அந்தத் தனிஸ்லாஸ முழுசா எடுக்கணும்."

விடிந்ததும் மூவரும் புறப்பட்டார்கள். வள்ளம் நிலையாக நிற்கப் பாரமாக, பன்னிரண்டு மணல் மூட்டைகளை ஜெசிந்தா ஒவ்வொன்றாக இடம் பார்த்து வைத்தாள். அவள் தூரத்தில் நின்று வள்ளத்தைப் பார்ப்பாள். முன்பக்கமான அணியம் அரைச் சாண் இறங்கியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

"அண்ணே, நீ பின்னால வா. அணியம் அமுங்குது."

"மூட்டைய நகட்டேன் பிள்ளை! நான் இப்பதான் உக்காந்தேன்."

"பன்னிரண்டு மூட்டையும் சேந்து உன் ஒருத்தன் அளவுக்கு வரல, மாப்ளே" என்றான் காசீம். "மத்தியானம் வேற பரோட்டாவ ஏத்துவ. அதுக்கும் சேத்துக் கணக்குப் பாத்துத்தான் தங்கச்சி அடுக்குது."

கரையில் ஊர்க் கோயில் கோபுரமும் தீவின் ஒற்றைப் பனையும் ஒன்றன்மேல் ஒன்றாய் வந்து நின்ற இடத்தில் ஜெசிந்தா பாயை இறக்கினாள். காசீம் மூச்சடக்கிக் குதித்தான். ஒரு நிமிசம்... ஒன்றரை நிமிசம்... தலை மேலே வந்தது. கையில் பச்சை பிடித்த ஒரு கட்டி!

"இருக்குடா! குவியலா இருக்கு!"

இருபத்தெட்டுக் கட்டிகள் ஏறின. அப்போதுதான் தீவின் முனையைச் சுற்றிக்கொண்டு இன்னொரு பாய் தெரிந்தது. தனிஸ்லாஸ்! கூட இரண்டு ஆட்கள். கையில் மீன் குத்துகிற துப்பாக்கி. எஞ்சின் சத்தம் கேட்டால் தீவைக் காவல் காக்கிற வனக்காவலர்கள் வருவார்கள் என்று பாய் வள்ளத்திலேயே வந்திருந்தான்.

"அண்ணன் பிள்ளைங்க அண்ணன் சொத்த எடுக்க வந்தீங்களாக்கும்? நல்லது. இப்படிக் குடுங்க. போலீசுல சொல்ல நினைச்சா சொல்லுங்க. திருட்டுச் செம்பு எடுக்கப் போனோம்னு சேத்துச் சொல்லுங்க."

பெர்க்மான்ஸ் துடுப்பைத் தூக்கினான். ஜெசிந்தா அவன் கையைப் பிடித்தாள். "குடுத்திருண்ணே."

"கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு?"

"இவருக்கு யாரு சொன்னதுன்னு நினைக்கிற? நான்தான். நேத்து இவரு கடையில கயிறு வாங்கையில நண்டுத்தீவுன்னு வாய்விட்டேன்" என்று காதோடு சொன்னாள். "பேசாம பாரு."

கட்டிகள் கைமாறின. தனிஸ்லாஸ் அவற்றை வள்ளத்தின் நடுவில் பரப்பவில்லை. தன் ஆட்களையே நம்பாதவன் அவன். அணியத்தில் சின்ன அறை ஒன்று இருந்தது. இருபத்தெட்டையும் அதற்குள் திணித்துப் பூட்டினான். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டான். வள்ளத்தின் மூக்கு தண்ணீரை முகர்ந்துகொண்டு நின்றது. பதினோரு வருசமாகக் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவனுக்கு அது கண்ணில் படவில்லை.

ஜெசிந்தா கிழக்கே கை நீட்டினாள். "சித்தப்பா, அங்க பாருங்க, வனக்காவல் படகு!"

அங்கே ஒன்றுமில்லை. ஆனால் திருடன் நின்று பார்ப்பானா? பாயை விரித்துக் கரையை நோக்கிப் பறந்தான்.

"இப்ப என்ன?" என்றான் பெர்க்மான்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு.

"உச்சிக்குச் சோழகம் ஏறும். தெற்கத்திக் காத்து, அவனைப் பின்னாலருந்து தள்ளும். பாரம் பூரா அணியத்துல, தலை குத்தும். நாம கூடவே போவோம். மூட்டை எல்லாம் பின்னால நகட்டு. நீயும்தான்!"

சோழகம் ஏறியது. அலைகள் பின்னாலிருந்து எழும்பி வந்தன. பின்பாரம் வைத்த ஜெசிந்தாவின் வள்ளம் ஒவ்வொரு அலையிலும் மூக்கைத் தூக்கிக்கொண்டு வழுக்கியது. முன்னால் போன தனிஸ்லாஸின் வள்ளமோ ஒவ்வொரு அலைக்கும் தலையைக் குத்தி, தண்ணீரை அள்ளிக்கொண்டு எழுந்தது.

"பாரம் அதிகம்! மணல் மூட்டைய எறியுங்கடா!" என்று கத்தினான் தனிஸ்லாஸ்.

அவன் ஆள் வியாகுலம் அலறினான். "மூட்டை பின்னால கிடக்கு சம்மாட்டி! அத எறிஞ்சா மூக்கு இன்னும் அமுங்கும்! கட்டிய எறிவோம், சாவியக் குடுங்க!"

"சாவியா? உங்கிட்டயா?"

தனிஸ்லாஸ் தானே மூட்டைகளைத் தூக்கி எறிந்தான். ஒன்று, இரண்டு, ஐந்து. பின்பக்கம் லேசாகி மேலே வந்தது. சுக்கான் காற்றில் ஆடியது. அடுத்த அலை வந்தது. அணியம் கடலுக்குள் குத்தியது, நிமிரவில்லை. பாய் படபடவென்று கிழிந்தது. வள்ளம் தலைகீழாக நின்று, அப்படியே உள்ளே போனது!

ஜெசிந்தா வள்ளத்தைத் திருப்பினாள். வியாகுலத்தையும் மற்றவனையும் காசீம் முதலில் தூக்கிப் போட்டான். தனிஸ்லாஸ் மூச்சு வாங்கிக்கொண்டு விளிம்பைப் பிடித்தான்.

"உள்ள இடமில்ல, சித்தப்பா" என்றாள் ஜெசிந்தா. "காத்து மேற்க திரும்பிட்டு. பலகையில ஆள் வேணும். ஏறுங்க நுனிக்கு."

மடியிலிருந்து சிவப்புத் துண்டை எடுத்தாள். வெளுத்துப்போயிருந்தது, முடிச்சு மட்டும் அவிழவில்லை. அதைப் பலகை நுனியில் மாட்டினாள். "இதப் பிடிச்சுக்குங்க. எங்கப்பா போட்ட முடிச்சு. தெரியுதா?"

தனிஸ்லாஸ் பார்த்தான். முகம் சாம்பலானது. பலகை நுனியில், கடலுக்கு மேலே, எடைக்கல்லாக அவன். சுக்கானில் தொம்மையின் மகள்.

"வேண்டாம் தாயி! மெதுவா!"

"அன்னைக்கு எப்படித் திருப்பினீங்க? இப்படியா?"

ஒரு முறுக்கு! பாய் தொய்ந்தது, பலகை நுனி சரிந்து தனிஸ்லாஸ் கழுத்துவரை கடலில் முங்கி எழுந்தான். பெர்க்மான்ஸே கண்ணை மூடிக்கொண்டான்.

"இல்ல, இன்னும் கொஞ்சம் வேகமாவா?"

"நான்தான்! நான்தான் திருப்பினேன்! அண்ணன் துண்டப் பிடிச்சுத் தொங்கினாரு... கைய மிதிச்சேன்!"

வியாகுலம் கையிலிருந்த தண்ணீர்ப் பானை நழுவி விழுந்தது. காசீம் தலையைக் குனிந்துகொண்டான். ஜெசிந்தாவின் கை சுக்கானில் இறுகியது. இன்னொரு முறுக்கு முறுக்கினால் கணக்கு முடியும். கடலும் கேட்காது, ஊரும் கேட்காது. அலை இரண்டு கடந்தது.

பிறகு நேராகப் பிடித்தாள். "செத்தா நீ ஒரு நாள்ல தப்பிச்சிருவ. இத ஊர் முன்னால சொல்லு. சொல்லிட்டு உயிரோட இரு."

மாலை மூன்றரைக்குக் கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஊரே நின்றது. ஆறு விசைப்படகுச் சம்மாட்டி பலகை நுனியில் நனைந்த கோழியாக வந்து இறங்கினான். கையில் தொம்மையின் துண்டு. யாரும் கேட்பதற்கு முன்பே நடந்ததைச் சொல்லத் தொடங்கினான். அவன் மாற்றிப் பேசாமலிருக்க, அவன் சோறு தின்ற வியாகுலமே பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஆமாம் போட்டான். அன்றே போலீஸ் வந்தது. தனிஸ்லாஸ் அழுதான், இந்த முறை யாரும் அவன் தோளைத் தொடவில்லை.

தொம்மை பெயருக்குப் பதினோரு வருசம் கழித்துக் கோயிலில் துக்க மணி அடித்தது. செம்பு கடலுக்கடியில்தான் கிடக்கிறது, பூட்டிய அறைக்குள். இடத்தை அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் எடுப்பார்கள் என்று நம்பினால் நம்புங்கள்.

பாரம் ஏற்றுவதை யாரும் கற்றுக்கொள்ளலாம். எதை எறிய வேண்டும் என்று நேரத்தில் தெரிந்தவன்தான் கரை சேருவான்.

அடுத்த நாள் கடலுக்குப் போகும்போது பெர்க்மான்ஸ் பலகை நுனியில் தன் துண்டை இறுக்கி, இன்னொரு முடிச்சும் போட்டான்.

"என்னண்ணே, நான்தான சுக்கான்ல நிக்கேன்?" என்று சிரித்தாள் ஜெசிந்தா.

"அதனாலதான் ரெண்டு முடிச்சு" என்றான் அவன்.