பளபளத்த திராயான் காசு

மிலோராத் மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வந்த வேகத்தில் ஒரு வெள்ளிக்காசைத் தெசான்காவின் சமையல் மேசைமேல் விட்டெறிந்தார்.

"வுகாஷின் என் திராயான் காசை மாத்திட்டான்மா! ரோம் ராஜா திராயானோட முகம் போட்டு, மை மாதிரி கறுத்திருந்த காசு. அந்தக் கறுப்புக்குத்தான் மதிப்பே. இப்போ நேத்து அடிச்ச மாதிரி மின்னுது. போலி! நேத்து சாயங்காலம் என் காசுத் தட்டைத் தொட்டவன் அவன் ஒருத்தன்தான். நாளைக்கு ஸ்லாவாவுக்கு என் வாசப்படி மிதிக்காதேன்னு சொல்லிட்டேன்."

தெசான்காவின் கொழுந்தன் ரத்கோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்லாவா என்னும் வீட்டுப் புனிதரின் விருந்துக்கு மித்ரோவிட்சா ஊரில் யாரும் யாரையும் அழைப்பதில்லை. வேண்டியவர்கள் தாமாக வருவார்கள். வராதே என்று சொல்லி அவன் கேட்டதேயில்லை. அதுவும் நாற்பது வருஷ நண்பனை!

"அந்தாளு போன மாசமே இதுக்கு விலை கேட்டாரு. அப்பவே நெனச்சேன் அண்ணி!"

"நீ எதைத்தான் அப்பவே நெனைக்கல?" என்றாள் தெசான்கா. போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் அவள் பதற்றப்படாத பழக்கம் போகவில்லை. "அண்ணே, இதை லென்ஸ் வெச்சுப் பாத்தீங்களா?"

"போலியை எதுக்குப் பாக்கணும்? தொடவே கூசுது."

"சரி, பழைய காசோட போட்டோ வீட்ல இருக்கும்ல? வாங்க."

மிலோராத்தின் வீட்டுக்குப் போனார்கள். அவருடைய மருமகள் நெவெனா அந்த வீட்டுக்கு வந்து மூன்றே மாதம். காபி கொண்டுவந்தாள். கரண்டிகள் மின்னின, வீட்டுப் புனிதர் நிக்கொலாவின் வெள்ளி விளக்கும் மின்னியது. தெசான்கா போட்டோவையும் காசையும் லென்ஸில் மாறிமாறிப் பார்த்தாள்.

"விளக்கை எதுலம்மா தேச்சே?"

"சோடா உப்பும் வெந்நீரும்தான்" என்றாள் நெவெனா, பெருமையாக. "மாமாவோட காசுல ஒண்ணு மட்டும் பாவம், கன்னங்கரேல்னு கிடந்தது. நாளைக்கு நாலு பேர் பாப்பாங்களேன்னு காலையில அதையும் போட்டு எடுத்தேன்."

மிலோராத் லென்ஸுக்குக் கையை நீட்டினார்.

"ராஜா தாடைக்குக் கீழே ஒரு வெட்டு. போட்டோவிலும் இருக்கு, இதுலயும் இருக்கு" என்றாள் தெசான்கா. "வுகாஷினும் காசு சேக்கிறவர்தானே? உங்களை ஏமாத்தணும்னா கறுப்புப் போலியைத்தானே வெச்சிருப்பாரு?"

நெவெனாவின் கண்கள் கலங்கிவிட்டன. "மாமா, நான் கெடுத்துட்டேனா?"

"நீ கெடுக்கலம்மா. காசு முப்பது வருஷத்துல மறுபடி கறுத்துடும். கெடுத்தது நான்" என்று எழுந்தார் மிலோராத்.

ரத்கோவும் கூடப் போனான். வுகாஷின் கதவைத் திறந்து, வாசலை மறித்து நின்றார்.

"நாளைக்கு வாடா" என்றார் மிலோராத்.

"ஸ்லாவாவுக்கு யாராவது கூப்பிடுவாங்களா?"

"வராதேன்னு யாராவது சொல்லுவாங்களா? நான் சொன்னேனே, பாவி!"

வுகாஷின் வழிவிட்டு ஒதுங்கினார். மிலோராத் உள்ளே போய் மேல்கோட்டைக் கழற்றினார்.