மூன்றாம் துறையில் ஒரு குழந்தை

மூன்றாம் துறைக்கு இருநூறு மீட்டர் முன்னால் படகின் ஏதுகாட்டி ஒளிர்ந்தது.

‘மூன்றாம் துறையில் ஒரு சிறுமி எழுதிப் பழகுகிறாள். கை ஆடினால் எழுத்துக் கோணும். நான்கு நாட்.’

தஸ்நேவிஸ் விசைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தான். மணிக்கு நான்கு கடல்மைல், விரைந்து நடக்கும் ஆளின் வேகத்துக்குப் படகு வந்தது. பின்னால் எழுந்துகொண்டிருந்த அலை படுத்துவிட்டது. படகில் மின்னேற்றிய மின்கலங்கள் இருபது இருந்தன. வெளியே நங்கூரமிட்டிருந்த கப்பல் அவற்றுக்காகக் காத்திருந்தது.

கப்பலின் மின்பொறியாளர் காசிம் வானொலியில் கூப்பிட்டார்.

“என்னவே, நீந்தியா வாரீரு?”

“மூணாம் துறைல இருக்கேன்.”

“ஓ. பிள்ளை என்ன செய்யுது?”

“எழுதுது.”

“எந்த எழுத்து?”

“அதப் போடல. இம்புட்டு நேரம் ஆகுதுன்னா ‘ழ’வாத்தான் இருக்கும்.”

“சரி, மெதுவா வாரும். இங்க லைட்டுதான அணையும். வேறென்ன.”

தஸ்நேவிஸ் நேரே பார்த்தபடி போனான். துறையின் பக்கம் திரும்பவில்லை. ஏதுகாட்டி குறிப்பிடும் ஆளைப் பார்க்கவோ தேடிப் போகவோ கூடாது என்பது விதி. முதலில் விதியாக இருந்தது, பிறகு மரியாதை ஆகிவிட்டது.

சங்குமுனைத் துறைமுகத்தில் ஐம்பது ஆண்டுகள் வேக எல்லைப் பலகைகள் இருந்தன. நீர்க்காகங்கள்தான் அவற்றைப் பயன்படுத்தின. பிறகு வேகம் கூடாதபடி இயந்திரங்களுக்கு அலைவரிசையில் கடிவாளம் போட்டார்கள். ஒரு மதியம், நெஞ்சுவலி வந்த ஒருவரை ஏற்றிய படகு நான்கு நாட் வேகத்திலேயே கரைவரை ஊர்ந்து வந்தது. கடிவாளத்தை மறுநாளே கழற்றினார்கள்.

அதன்பின் வந்ததுதான் ஏதுகாட்டி, மெதுவாகப் போக ஏது, அதாவது காரணம், சொல்லும் கருவி. நீருக்குள் நட்ட உணர்கோல்கள், எந்தப் படகின் அலை யாரைப் போய் அசைக்கும் என்று கணித்தன. அதை ஓட்டுநருக்கு ஒரு வரியில் சொன்னது கருவி. ‘பன்னிரண்டாம் துறையில் ஒருவர் ஏணியில் நிற்கிறார்.’ ‘ஏழாம் துறையில் மருத்துவர் தையல் போடுகிறார்.’ பெயர் இருக்காது. வேகம் ஓட்டுநரின் கையிலேயே இருந்தது. ஒரே மாதத்தில் எல்லாரும் மெதுவாகப் போனார்கள். அதற்கு முன் முப்பத்தொரு எச்சரிக்கை வாங்கியிருந்த தஸ்நேவிஸ் அதற்குப் பிறகு ஒன்றும் வாங்கவில்லை.

கருவி எழுதிய வரிகளைத் திருத்தி அனுப்புவது துறைமுகக் கோபுரத்தின் இரண்டாம் மாடியில் இருந்த உலகம்மாளின் வேலை.

மூன்றாம் துறையில் உண்மையில் யாரும் இல்லை. சிறு அறையோடு கூடிய பழைய மிதவை ஒன்று கட்டிக் கிடந்தது. அதன் பின்னால் கரைச்சுவரின் அடியில் விரிசல். சுவர் சரிந்தால் கால்வாய் அடைபடும், துறைமுகம் நின்றுபோகும். ‘சுவரின் அடியில் விரிசல். நான்கு நாட்’ என்றே முதலில் வரி போனது. படகுகள் பதினாறில் போயின. ஒரு வாரம் பார்த்தாள். விரிசல் ஒரு விரல் அகலம் கூடியது. எட்டாம் நாள் கருவியின் வரியை அழித்துவிட்டுத் தானே எழுதினாள்.

‘மூன்றாம் துறையில் ஒரு குழந்தை இப்போதுதான் தூங்கியது. நான்கு நாட்.’

அன்று காலை முதல் படகே வேகத்தைக் குறைத்தது.

இரண்டு வாரத்தில் சுவரைச் சரிசெய்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஐந்து ஆண்டுகள் ஆயின. எந்தக் குழந்தையும் ஐந்து ஆண்டுகள் தூங்கிக்கொண்டே இருக்காது. ஆகவே அதற்குப் பல் முளைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒருமுறை மூன்று நாள் காய்ச்சல். பெண் குழந்தை என்று உலகம்மாள் முடிவு செய்தது இரண்டாம் ஆண்டில். சில மாதங்களாக அந்தச் சிறுமி எழுதப் பழகிக்கொண்டிருந்தாள்.

காசிம் எழுத்தைக் கேட்ட அந்த வியாழக்கிழமை மாலை மூழ்குநர்கள் சுவர் வேலையை முடித்தார்கள். காங்கிரீட் இறுக மூன்று நாள். திங்கள் முதல் மூன்றாம் துறைக்குப் பன்னிரண்டு நாட் என்று கடிதம் வந்தது. உலகம்மாள் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கலாம். கருவி அந்த வரியைத் தானே நிறுத்தியிருக்கும்.

வெள்ளி காலை எழுதினாள். ‘மூன்றாம் துறையின் சிறுமி நாளை ஊரை விட்டுப் போகிறாள். நான்கு நாட்.’

மாலை நான்கு மணிக்குத் திரையில் ஒரு புள்ளி நின்றது. மூன்றாம் துறையில். ஐந்து ஆண்டுகளில் எந்தப் படகும் அங்கே நின்றதில்லை. உலகம்மாள் கைத்திரையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பிறகு ஓடினாள்.

தஸ்நேவிஸ் மிதவையின் மேல் நின்றிருந்தான். தலை வாரியிருந்தான். கையில் பாய்மரத் துணியில் தைத்த ஒரு பள்ளிப் பை.

“நீங்க பிள்ளையோட அம்மாவா?” என்றான்.

அவளுக்கு மூச்சு வாங்கியது.

“தப்புதான் தங்கச்சி. வரக் கூடாது. நாளைக்குப் போறாங்கன்னு போட்டிருந்துச்சு. இந்தப் பை ரெண்டு மாசமா வீட்டுல கிடக்கு. எங்க வீட்டுக்காரி தைச்சது. தினமும் நான் போனதும், இன்னைக்கு பிள்ளை என்ன செஞ்சுதுன்னுதான் முதல்ல கேப்பா. நோட்டுல எழுதியும் வச்சிருக்கா.” பையைத் திருப்பிக் காட்டினான். “பேரு தெரியாதுல்லா. அதான் இந்த இடத்தை விட்டுருக்கா. நீங்க தைச்சுக்கிடுங்க.”

பையின் முகப்பில் நீல நூலால் ஒரு கட்டம். உள்ளே வெறுமை.

ஆமாம் என்று ஒரு சொல் போதும். இல்லை என்றால் இந்த மனிதன் வானொலியை எடுத்து ஒரு வாக்கியம் சொல்வான். பிறகு ஏணியில் நிற்பவரையும் யாரும் நம்பமாட்டார்கள்.

“இங்க பிள்ளை இல்லண்ணே” என்றாள். “நான்தான் எழுதினேன்.”

அவன் மிதவையைப் பார்த்தான். துருப்பிடித்த கதவு. உள்ளே வடக்கயிறு, ஒரு உடைந்த நாற்காலி.

“பல்லு முளைச்சது?”

“நான்தான்.”

“காய்ச்சல் வந்துச்சே. மூணு நாளு. அவ கோயில்ல மெழுகுதிரி ஏத்தினா.”

“அந்த வாரம் புயல். சுவர் தாங்காதுன்னு பயந்துட்டேன்.” விரிசலைப் பற்றிச் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள்.

“அப்பம், காய்ச்சல் சுவருக்கு” என்றான்.

அவள் தலையாட்டினாள்.

“சுவருன்னே போட்டிருக்க வேண்டியதுதானே.”

“ஒரு வாரம் போட்டேன். நீங்க பதினாறுல போனீங்க.”

அவன் யோசித்தான். “போயிருப்பேன்” என்றான்.

படகு கட்டும் குமிழின் மேல் உட்கார்ந்தான். பையை மடியில் வைத்துக்கொண்டான். அதன் வாரை ஒருமுறை இழுத்துச் சரிசெய்தான்.

“அவகிட்ட போய் என்ன சொல்ல?”

உலகம்மாள் கால்வாயைப் பார்த்தாள். வடக்கிலிருந்து இரண்டு படகுகள் வந்துகொண்டிருந்தன. அவன் உட்கார்ந்திருந்த மிதவை ஏற்கெனவே லேசாக ஆடியது. அவள் கைத்திரையைத் திறந்து காலை எழுதியதை அழித்தாள்.

படகுகள் மூக்கைத் தாழ்த்தின. நடந்து போவதுபோல் கடந்தன. ஓட்டுநர்கள் நேரே பார்த்தபடி நின்றிருந்தார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. தஸ்நேவிஸ் இதை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

“இப்பமும் மெதுவாத்தான் போறானுவ. யாருக்காம்?”

அவள் கைத்திரையை நீட்டினாள்.

‘மூன்றாம் துறையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நான்கு நாட்.’

இரண்டுமுறை படித்தான். “பேரு போடலயே.”

“போடக் கூடாதுண்ணே.”

அவன் படகிலிருந்து வானொலி கூப்பிட்டது. காசிமின் குரல்.

“என்னவே, பையைக் குடுத்தாச்சா? பிள்ளையப் பாத்தீரா?”

தஸ்நேவிஸ் எழுந்து படகில் இறங்கினான். ஒலிவாங்கியைக் கையில் எடுத்தான். உலகம்மாள் அசையாமல் நின்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தான்.

“பாக்கல. நான் வாரதுக்குள்ள கிளம்பிட்டாங்க. பைய இங்க ஒரு அம்மாகிட்ட குடுத்திருக்கேன். சேத்துருவாங்க.”

“அடப் பாவமே. எங்கன போறாங்களாம்?”

“அது சொல்லல.” ஒலிவாங்கியின் பொத்தானை விடவில்லை. “நேத்து எந்த எழுத்துன்னு கேட்டீருல்லா. ‘ழ’தான். நோட்டு கிடந்துச்சு, பாத்தேன். நல்லா வந்திருக்கு.”

ஒலிவாங்கியை மாட்டிவிட்டுப் பையை மேலே நீட்டினான். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

“இதத்தான் வீட்டுலயும் சொல்லணும்” என்றான். “எனக்கு இது பழக்கமில்ல. நீங்க எப்படி அஞ்சு வருசம் செஞ்சீங்க?”

படகை அவிழ்த்துக்கொண்டு போனான். நான்கு நாட் வேகத்தில்.

திங்கட்கிழமை மூன்றாம் துறைக்குப் பன்னிரண்டு நாட் ஆனது. ஏதுகாட்டியில் வரி எதுவும் இல்லை. படகுகள் பன்னிரண்டில் போயின. சுவர் அசையவில்லை.

ஒன்பதே காலுக்கு ஒரு மின்கலப் படகு நான்கு நாட் வேகத்துக்கு இறங்கியது. உலகம்மாள் சன்னலுக்கு வந்தாள். படகில் இரண்டு பேர். சக்கரத்தைப் பிடித்தபடி தஸ்நேவிஸ். பக்கத்தில் ஒரு பெண், நீலச் சேலை, மடியில் ஒரு நோட்டு. அவன் நேரே பார்த்தபடி நின்றான். அவள் மட்டும் திரும்பி மிதவையைப் பார்த்துக்கொண்டே போனாள், அது பின்னால் மறையும்வரை.

மேசைமேல் திரை ஒலித்தது. ஐந்து ஆண்டுகளாக மனிதர்களுக்கு ஏது சொல்லிவந்த கருவி முதல்முறையாக ஏது கேட்டது.

‘மூன்றாம் துறை. வேக எல்லை பன்னிரண்டு. ஒரு படகு நான்கில் செல்கிறது. ஏது தேவை.’

கீழே நிரப்ப வேண்டிய கட்டம் மினுங்கியது. உலகம்மாள் விரல்களை எழுத்துப் பலகையில் வைத்தாள். நாற்காலி முதுகில் அந்தப் பை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நீலக் கட்டத்துக்குள் இன்னும் பெயர் தைக்கவில்லை.

எதுவும் எழுதாமல் அனுப்பினாள்.