ஹெல்மெட்டுக்கு விஷம் வைத்தது யார்?

"ஐயோ..."

அலறியவன் எப்பாக்சி என்று பட்டப்பெயர் பெற்ற ஆய்வு மாணவன்.

அலற வேண்டியவள், அதே ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்யும் அவள்தான். ஆனால் அவள் தரையையே பார்த்தாள்.

தரையில்... கறுப்பாக... துண்டு துண்டாக... நடுவில் ஒரு தலை.

சோதனைக்கூடத்தின் கண்ணாடிக் கதவு படாரென்று திறந்தது. வெளியே வரவேற்பறையில் அரைத் தூக்கத்தில் இருந்த அவளுடைய தாய்மாமா உள்ளே பாய்ந்தார். குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் அவருடைய பழைய ஹெல்மெட், துடைத்துவிட்ட சிலேட்டு மாதிரி மொட்டையாக.

"யாரும் எதையும் தொடாதீங்க. பாடி எங்க?"

"பாடி இல்ல மாமா. ஹெல்மெட்."

"தலை கெடக்குதே?"

"அது இரும்புத் தலை. டெஸ்ட்டுக்கு வச்சிருக்கிறது. அதுக்கு ஒண்ணும் ஆகல."

மாமாவின் முகத்தில் லேசான ஏமாற்றம்.

அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். வீடுகளில் தூக்கி எறிகிற பழைய தண்ணீர் கேன்களைப் பொறுக்கி, கழுவி, அரைத்து, கண்ணாடி இழை கலந்து, உருக்கி வார்த்த ஹெல்மெட் அது. கேன்கள் பாலிகார்பனேட். லேசில் உடையாத பிளாஸ்டிக். கேன் பொறுக்கியதால் இந்த ஆய்வகத்தில் அவளுக்குப் பெயரே 'கேன்'. பெயர் போனால் போகட்டும், பொருள் நின்றால் சரி என்று இருந்தாள்.

இப்போது பொருள் ஐந்து துண்டாகக் கிடந்தது.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் யாருடைய ஆய்வுக்கோ சங்கு ஊதப்போகிறார் என்று அர்த்தம்.

"ஹெல்மெட் கம்பெனி அம்மா இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுவாங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை மேலேருந்து போட்டுப் பாருன்னு சொன்னது நல்லதாப் போச்சு. அவங்க முன்னாடி உடைஞ்சிருந்தா என் மானம் போயிருக்கும்."

"சார், போன மாசம் பத்து தடவை போட்டோம். ஒண்ணு கூட உடையல."

"இன்னிக்கு உடைஞ்சிருக்கே. குப்பையிலேருந்து செஞ்சா குப்பைதான் வரும். வர வேண்டாம்னு போன் பண்ணிடறேன். உன் ப்ராஜெக்டையும் இதோட மூடிக்கலாம்."

"நானும் அதத்தான் சார் நினைச்சேன்," என்றான் எப்பாக்சி.

எப்பாக்சிப் பசையில் ஆராய்ச்சி செய்வதால் மட்டும் அவனுக்கு அந்தப் பெயர் வரவில்லை. பதவியில் இருப்பவர் யாரோ அவரோடு ஒட்டிக்கொள்வான். அப்புறம் பிரிக்க முடியாது.

"சார், இன்னொண்ணு இருக்கு," என்றாள் அவள். "இதே பேட்ச். இதோட கூடப் பிறந்தது. லாக்கர்ல இருக்கு."

"அதுவும் உடைஞ்சா?"

"அதனாலதான் இது ஏன் உடைஞ்சதுன்னு முதல்ல தெரியணும். அவங்க வர்ற வரைக்கும் டைம் குடுங்க சார். காரணம் சொல்ல முடியலன்னா நானே ப்ராஜெக்டை மூடிட்டுப் போயிடறேன்."

பேராசிரியர் போனைக் கீழே வைத்தார். எப்பாக்சி வாயைத் திறந்தான்.

"நீ மூடு," என்றார் பேராசிரியர்.

மாமா தொண்டையைச் செருமினார்.

"போஸ்ட்மார்ட்டம் ஆரம்பிக்கலாமாம்மா?"

---

துண்டுகளை மேஜையில் வெள்ளைத்தாள் விரித்து அடுக்கினாள்.

"சாவு எந்த நேரம்?"

"மாமா, நம்ம எல்லாரும் பாத்துட்டுதானே இருந்தோம்."

"நான் பாக்கல. கடைசியா உயிரோட பாத்தது யாரு?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நான்தான். நேத்து சாயங்காலம் இதை வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன்ல. சாருக்குத் தெரியாது. இங்க இருந்தா இவன் ஏதாவது பண்ணிடுவானோன்னு பயம்."

"அது தெரியும். ஹால் மேஜை மேலதானே வச்சே. அந்த நேரத்தைக் கணக்குலேருந்து எடுத்துடு. நான் இருக்கிற வீட்டுல எவன் வந்து கை வைப்பான்? காலையில நம்ம ஸ்கூட்டர்ல பைக்குள்ள வந்துச்சு. அப்போ குற்றம் நடந்தது இங்கதான்." மாமா மெல்ல எப்பாக்சியின் பக்கம் திரும்பினார். "தம்பி... கொஞ்சம் இப்படி உக்காருங்க."

எப்பாக்சி உட்கார்ந்தான்.

மாமா அவன் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. சும்மா பார்த்தார்.

மாமாவிடம் இருந்த ஒரே ஆயுதம் அதுதான். லத்தி எடுத்ததில்லை, அதட்டியதில்லை. பேசாமல் உட்கார்ந்திருப்பார். எதிரில் இருப்பவன் அந்த மௌனத்தைப் பொறுக்க முடியாமல் எதையாவது போட்டு நிரப்புவான். பெரும்பாலும் உண்மையைப் போட்டு.

சுவரில் ஏசி முனகியது. ஒரு பம்ப் ஓடி நின்றது.

எப்பாக்சியின் நெற்றியில் வேர்வை அரும்பியது.

"சார்... நான்தான் சார்..."

"ம்."

"அவங்க ஓவன்ல... என் ஷூவைக் காய வச்சேன் சார்."

அவள் துள்ளி எழுந்தாள். "என்னது! என் ஓவன்லயா?"

"மழை பேஞ்சதுல நனைஞ்சு போச்சுங்க. உங்க ஓவன் சூடா, சும்மா இருந்துச்சு..."

"அது என் கேன் துகளைக் காய வைக்கிற ஓவன்! துகள்ல கொஞ்சம் ஈரம் இருந்தாலும் உருக்கும்போது பிளாஸ்டிக் உள்ளுக்குள்ள அறுந்து போயிடும். ஹெல்மெட் அப்பளம் மாதிரி நொறுங்கும். உனக்கு இது தெரியாதா?"

"தெரியும். அதான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

மாமா கைகளைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "கேஸ் முடிஞ்சுது."

அவள் லாக்கரைத் திரும்பிப் பார்த்தாள். ஈரம்தான் காரணம் என்றால் பேட்ச் முழுக்கக் கெட்டிருக்கும். லாக்கரில் இருக்கும் இரட்டையும் உள்ளே செத்துப்போய் வெளியே சிரித்துக்கொண்டிருக்கும். கொலைகாரன் கிடைத்தான் என்று சந்தோஷப்பட இடமில்லை. அவளுடைய ஆய்வும் அவனோடு தூக்கில் தொங்கும்.

பூதக்கண்ணாடியை எடுத்து உடைந்த விளிம்பில் வைத்தாள்.

ஒரு துண்டு. அடுத்த துண்டு. அதற்கடுத்தது.

ஈரத்தோடு வார்த்தால் உடைந்த முகத்தில் நுண்ணிய குமிழ்கள் தெரியும். மேலே வெள்ளிக் கோடுகள் ஓடும். இதில் குமிழும் இல்லை, கோடும் இல்லை. உடைந்த இடமெல்லாம் கண்ணாடி இழைகள் தாடி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. முரண்டு பிடித்து, போராடித்தான் உடைந்திருக்கிறது.

"இல்ல மாமா. ஷூவை இவன் வச்சது நான் துகளை எடுத்ததுக்கு அப்புறமா இருக்கணும். ஈரம் காரணம் இல்ல."

எப்பாக்சி ஒரு பெருமூச்சு விட்டான். மாமா மறுபடி உட்கார்ந்தார், கொஞ்சம் வருத்தத்தோடு.

கடைசித் துண்டு. ஹெல்மெட்டின் பின்பக்கத்துக் கீழ் ஓரம்.

அவள் கை நின்றது.

அங்கே மட்டும் தாடி இல்லை. மழித்துவிட்ட மாதிரி வழவழப்பு. வெளிப்புறத்தில், தீப்பெட்டி அளவுச் சதுரத்துக்குள், முடியைவிட மெல்லிய விரிசல்கள் வலைபோலப் பின்னியிருந்தன. அந்தச் சதுரம் மட்டும் மங்கலாக, மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி.

"மாமா... இங்க என் ஸ்டிக்கர் இருந்துச்சு. நம்பர் எழுதின ஸ்டிக்கர். காணோம்."

"காணோம்னா?"

"யாரோ உரிச்சிருக்காங்க. பசை ஒட்டிட்டு இருந்திருக்கும். அதைப் போக்க எதையோ போட்டுத் துடைச்சிருக்காங்க." அவள் நிமிர்ந்தாள். "இது அடிபட்டுச் சாகல மாமா. விஷம்."

மாமா நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "என்ன விஷம்?"

"அசிட்டோன். இல்லன்னா பெயிண்ட் தின்னர். பாலிகார்பனேட்டுக்கு அதுதான் பரம எதிரி. பாக்க ஒண்ணும் தெரியாது. உள்ளுக்குள்ள விரிசல் விட்டுட்டே இருக்கும். ஒரு அடி விழுந்தா அங்கேருந்து பிளந்துக்கும்."

மூன்று தலைகளும் ஒரே நேரத்தில் எப்பாக்சியின் மேஜைப் பக்கம் திரும்பின. பசைக் கிண்ணங்கள் கழுவ அவன் வைத்திருந்த அசிட்டோன் கேன் அங்கே நிமிர்ந்து நின்றது.

"சத்தியமா நான் இல்லைங்க. என் கிண்ணத்தையே நான் ஒழுங்காத் துடைக்க மாட்டேன். இவங்க ஹெல்மெட்டையா துடைக்கப் போறேன்?"

அது ஒன்றுதான் அவன் அன்று சொன்னவற்றில் மறுக்க முடியாத சாட்சியம்.

அப்போது கண்ணாடிக் கதவு மறுபடி திறந்தது.

---

ஹெல்மெட் கம்பெனியின் அம்மா அதிகம் பேசாதவர். மேஜை மேல் கிடந்த துண்டுகளைப் பார்த்தார். பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மேடம், அது வந்து... சின்னதா ஒரு..."

"நான் சொல்றேன் சார்," என்றாள் அவள்.

விஷம் படாத துண்டிலிருந்து இரண்டு பட்டைகள் அறுத்தெடுத்தாள். இரண்டையும் வில்லாக வளைத்து இடுக்கியில் மாட்டினாள். எவ்வளவு வளைத்தும் பட்டைகள் முறைத்துக்கொண்டு நின்றன.

"இது என் பிளாஸ்டிக். இப்ப இதுல ஒண்ணுக்கு மட்டும்..."

எப்பாக்சியின் கேனில் பஞ்சை நனைத்து, ஒரு பட்டையின் முதுகில் தொட்டாள்.

டக்.

பட்டை இரண்டாகத் துள்ளி மேஜையிலிருந்து விழுந்தது. பக்கத்துப் பட்டை அசையவில்லை.

கம்பெனி அம்மா குனிந்து உடைந்த பட்டையை எடுத்துப் பார்த்தார்.

"இந்த ஹெல்மெட்டை நான் நேத்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். எடுத்துட்டுப் போயிருக்கக் கூடாது. என் தப்பு, சார். வழியில எங்கேயோ இதைத் துடைச்சிருக்காங்க. லாக்கரைத் தாண்டாதது ஒண்ணு இருக்கு. அதைப் போடுங்க. உடைஞ்சா நான் கெளம்பறேன்."

பேராசிரியர் அவளை முறைத்தார். அந்த முறைப்பில் ஒரு பெரிய திட்டு காத்திருந்தது. ஆனால் கம்பெனி அம்மா ஏற்கெனவே தலையசைத்துவிட்டார்.

இரட்டையை இரும்புத் தலைக்கு மாட்டினார்கள். தலை செங்குத்துக் கம்பியில் மேலே ஏறியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். விசை விடுபடும் சத்தம்.

டம்ம்...

கண்ணைத் திறக்கவில்லை. துண்டுகள் உருளும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

"ஒரு கீறல்தான் இருக்கு," என்றது மாமாவின் குரல். "ஆள் பொழைச்சிட்டாரு."

கம்பெனி அம்மா ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு சந்தேகம். வாங்குறவங்களும் ஸ்டிக்கர் உரிச்சுத் துடைப்பாங்களே?"

"துடைப்பாங்க மேடம். இப்ப கடையில விக்கிற ஹெல்மெட் நெறையதுக்கும் இதே கதிதான். உள்ள சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க, யாரும் படிக்கிறதில்ல. நம்ம ஹெல்மெட்ல ஸ்டிக்கரே வேண்டாம். நம்பரை அச்சுலயே பதிச்சுடலாம். மேல ஒரு காப்புப் பூச்சு குடுத்துடலாம்."

"இதுவரைக்கும் எங்கிட்ட வந்தவங்க எல்லாம் உடையாததை மட்டும்தான் காட்டினாங்க," என்றார் அந்த அம்மா. "உடைஞ்சது ஏன்னு சொன்னது நீங்கதான். அடுத்த கட்டத்துக்குப் போலாம், சார்."

"நானும் அதத்தான் மேடம் நினைச்சேன்," என்றான் எப்பாக்சி, அந்த அம்மாவின் பக்கம் நகர்ந்து நின்று.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைக்காமலேயே மாட்டிக்கொண்டார்.

"ஆனா விஷம் வச்சது யாருன்னு தெரியலையே," என்றார் அந்த அம்மா, போகிற போக்கில். "இந்த அசிட்டோன் எல்லார் கையிலயும் கெடைக்குமா?"

"நகப்பூச்சு அழிக்கிற பாட்டில்ல இருக்கிறது பாதிக்கு மேல அதுதான் மேடம். எந்த வீட்டுலயும் இருக்கும்."

மாமா இருமினார்.

---

வாசலில் ஸ்கூட்டர் நிறுத்துமிடம் வரை மாமா பேசவே இல்லை. கேஸ் ஜெயித்த அன்று வாய் ஓயாத மனிதர்.

அவள் அவரைப் பார்த்தாள்.

அவரிடமிருந்தே கற்ற வித்தை. ஸ்கூட்டர் சீட்டில் சாய்ந்து நின்றுகொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு கார் போயிற்று. யாரோ கேட்டைச் சாத்தினார்கள்.

மாமா சாவியைப் பாக்கெட்டில் போட்டார். வெளியே எடுத்தார். மறுபடி போட்டார்.

"பெரிய மனுஷங்க வராங்கன்னு சொன்னியேம்மா..."

"ம்."

"அவ்வளவு அழகா ஹெல்மெட் பண்ணிட்டு, பின்னாடி கோணல்மாணலா ஒரு ஸ்டிக்கர்... நம்ம புள்ளைக்கு இதெல்லாம் பாக்க நேரம் இருக்காதேன்னு..."

"ம்."

"உங்க அத்தையோட பாட்டில்தான். ஒரு சொட்டு கறை இல்லாம எடுத்தேன். அதுலயும் அந்த அசிட்டோன்தான்னு நீ சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எப்பாக்சிக்குப் பயந்து அவள் ஓடி ஒளிந்த இடம் நேராகக் கொலைகாரனின் மடி. கத்தலாம் என்று வாயைத் திறந்தவள், அவர் கையில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்து நிறுத்தினாள்.

மொட்டையாக இருந்தது.

அதன் நெற்றியில் பல வருஷமாக ஒட்டியிருந்த டயர் கம்பெனி ஸ்டிக்கரைக் காணோம்.

"மாமா... இதையும் துடைச்சீங்களா?"

"பின்ன? உன் பொருளாச்சே, எடுத்த எடுப்புல உன்னுதுல கை வைப்பேனா? முதல்ல இதுல போட்டுப் பாத்தேன். நல்லா வந்துச்சு. அப்புறம்தான் உன்னுது."

காலையில் அந்த ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டுதான், லாரிகளுக்கு நடுவே, அவளைப் பின்னால் வைத்து ஓட்டி வந்திருக்கிறார்.

அவள் அதை அவர் கையிலிருந்து மெதுவாக, குழந்தையை வாங்குவதுபோல வாங்கினாள். நெற்றியில் விரல் நகத்தால் சுண்டினாள். வலைபோல விரிசல்... பட்டென்று ஒரு சில்லு தெறித்து விழுந்தது.

மாமா அந்தச் சில்லை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் இரண்டு கைகளையும் சேர்த்து அவள் முன்னால் நீட்டினார்.

"கொலை ஒண்ணு, தற்கொலை முயற்சி ஒண்ணு. அரெஸ்ட் பண்ணிக்கம்மா."

அவள் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

"வாங்க. ஆனா கைதிக்கு ஜன்னல் சீட் கிடையாது."